எடுத்தேன் கவிழ்த்தேன்: எங்கே, எப்படிச் சொல்வது?

முன்பின் யோசிக்காமல் சட்டென்று ஒன்றைச் செய்வதைத்தான் ‘எடுத்தேன் கவிழ்த்தேன்’ என்கிறோம். பெரும்பாலும் ‘என்று’ சேர்ந்து, பேசு, செய், முடிவெடு போன்ற வினைகளோடு வரும். கடலூர் முதுநகர் பக்கம் மீன் வாங்கும்போது, விலை கேட்டதுமே பணத்தை நீட்டும் தம்பியிடம் அக்கா சொல்வார்: “எடுத்தேன் கவிழ்த்தேன்னு வாங்காதடா, செவுளைத் தூக்கிப் பாரு.” செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்துப்போயிருந்தால் பழைய மீன்.

வேகமாகச் செய்வதற்கெல்லாம் இதைச் சொல்லக் கூடாது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் விரைவது யோசித்த வேகம். யோசனை இல்லாத இடத்துக்குத்தான் இந்தத் தொடர்.

அப்புறம், ஆளையே குறிக்க வேண்டுமானால் ‘அவசரக்குடுக்கை’ இருக்கிறது. அது கொஞ்சம் சுடும் சொல். வயதில் இளையவர்களிடம் உரிமையோடு சொல்லலாம், பெரியவர்களிடம் வேண்டாம்.