தூரத்து விலங்குகளை நேரலையில் காட்டிச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

முன்பள்ளிப் படப்புத்தகங்களில் யானையும் எலியும் பெரும்பாலும் ஒரே அளவுள்ள இரண்டு கட்டங்களுக்குள் நிற்கின்றன. ஆட்டையும் எலியையும் அப்படி வரைந்திருந்தால், இரண்டையும் முற்றத்திலே கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை சிரித்துவிடும். யானையை நேரில் காணாத அதே பிள்ளை அந்தப் படத்தை அப்படியே நம்பிவிடுகிறது. இந்தக் குறையை ஓரளவு நீக்குவதற்குக் காடுகளிலும் நீர்நிலைகளிலும் காட்சிச்சாலைகளிலும் பொருத்தப்பட்டு, இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பாகும் நேரலைக் கமராக்கள் உதவுகின்றன. வெட்டி ஒட்டிய காணொளியில் சிங்கம் எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கும். நேரலையிலோ அது நித்திரை கொள்ளும், எழுந்து போய்விடும், சில வேளைகளில் வராமலே இருந்துவிடும். பிள்ளைக்குக் கிடைக்கும் பாடமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலாவதாக, ஒரேயொரு கமராவைத் தெரிவுசெய்யுங்கள். தொடங்குவோருக்கு ஆபிரிக்க நீர்க்குட்டைக் கமரா மிகவும் பொருந்தும். 1998இல் தொடங்கப்பட்ட ஆபிரிகாம் என்னும் தளம் இவ்வகை ஒளிபரப்பில் மூத்தது; தென்னாபிரிக்காவின் தெம்பே யானைப் பூங்காவிலுள்ள நீர்க்குட்டையும் இவ்வாறு பார்க்கக் கிடைக்கிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கலிபோர்னியாவின் மொன்ரரே விரிகுடா நீர்வாழ் காட்சிச்சாலையிலுள்ள கடல் நீர்நாய்கள் உடனே பிடித்துவிடும். நண்டையும் சிப்பியையும் தின்னும் விலங்கு என்றால் எமது பிள்ளைகளுக்கு அது சொந்தக்காரர் போலத்தான். கூட்டில் குஞ்சு வளர்க்கும் பறவைகளின் கமராவைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. அங்கே குஞ்சு இறப்பதும் உண்டு, அதை விளக்கப் பெரியவர் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, நேரத்தைக் கணக்கிடுதல். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தென்னாபிரிக்கா எமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், இங்கே மாலை 5 மணிக்குப் பார்த்தால் அங்கே பிற்பகல் 1.30, வெயில் காயும் அந்த வேளையில் யானைகள் தண்ணீருக்கு வரும் வாய்ப்பு அதிகம். கலிபோர்னியா கோடையில் பன்னிரண்டரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணித்தியாலமும் பின்தங்கியது. ஆகவே யூன் மாதத்தில் இங்கே காலை 6 மணி என்றால், அங்கே முதல்நாள் மாலை 5.30. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவிலே, புரூக்ஸ் நீர்வீழ்ச்சியில் பழுப்புக் கரடிகள் சால்மன் மீன் பிடிப்பதைக் காண யூலை மாதமே சிறந்தது. யூலையில் எமது சனிக்கிழமை காலை 9 மணி, அங்கே வெள்ளிக்கிழமை இரவு 7.30 ஆகும், ஆனாலும் சூரியன் மறைந்திராது. இதைக் கேட்டு வியக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தோடம்பழத்தையும் ரோச் லைற்றையும் கொண்டு பகல் இரவை விளக்கிவிடலாம்.

நான் ஒருமுறை மாசி மாதத்தில் கரடிகளைக் காட்ட முற்பட்டு ஏமாந்தேன். கரடிகள் குகைகளில் உறங்கும் அக்காலத்தில், முந்தைய கோடையில் பதிவான காட்சிகளே ஓடிக்கொண்டிருந்தன. அதை அறியாமல், "இப்போது நடக்கிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகவே மூன்றாவது படி, அது மெய்யான நேரலைதானா என்று நீங்கள் முன்கூட்டியே சரிபார்ப்பது. பழைய காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நேரலை என்று பெயரிடும் பக்கங்களும் யூரியூப்பில் உள்ளன. அந்த இடத்தின் நேரத்தைப் பார்த்து, திரையிலுள்ள வெளிச்சம் அதற்குப் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். நள்ளிரவாக இருக்கவேண்டிய இடத்தில் வெயில் எறித்தால் விலகிவிடுங்கள். இரவில் படம் கறுப்பு வெள்ளையாக மாறினால் அது பழுதன்று. அகச்சிவப்பு ஒளியில் கமரா இயங்குகிறது.

கருவி பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கைபேசியைவிட மடிக்கணினியோ தொலைக்காட்சியோ நல்லது, டேட்டாவை மிச்சப்படுத்தப் படத்தின் தரத்தை 480இல் வைத்தால் போதும், பக்கத்தில் ஓடும் அரட்டைப் பகுதியை மூடிவிடவேண்டும்.

அடுத்தது, பிள்ளையுடன் அமர்தல். இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரைமுன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. எமக்குப் பதினைந்து நிமிடம் தாராளம். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுச் சமையலுக்குப் போகாதீர்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ அருகிலிருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அவர்கள் மாடு வளர்த்த அனுபவத்தோடு பேசுவார்கள். "இது என்ன?" என்ற கேள்வி ஒரு சொல்லோடு முடிந்துவிடும்; "இது இப்போது என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யும்?" என்று கேட்டால் பிள்ளை உற்றுப்பார்க்கத் தொடங்கும். கடல் நீர்நாய் ஓயாமல் தன் உடலைத் தேய்ப்பதைக் கண்டு, "அதுக்குக் கடிக்குதா?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். திமிங்கிலத்துக்குத் தோலின் கீழுள்ள தடித்த கொழுப்புப் படை இதற்கு இல்லை என்பதையும், பாலூட்டிகளிலேயே மிக அடர்ந்த உரோமம்தான் இதனைக் குளிரிலிருந்து காக்கிறது என்பதையும், அந்த உரோமத்தைச் சுத்தமாக வைத்திருக்கவே அது அப்படித் தேய்க்கிறது என்பதையும் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை அது உண்ணும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சோற்றுக்கு அடம்பிடிக்கும் பிள்ளை சற்று யோசிக்கும்.

விலங்கே வராத நாளில் வேறு காணொளிக்குத் தாவவேண்டாம். மரம் அசைவதையும் தண்ணீர் நிறம் மாறுவதையும் பார்த்துவிட்டு, "இன்று யானை வரவில்லை" என்று கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை வெறும் குட்டையை வரையட்டும். சில நாள்களுக்குப் பின், எந்த வேளையில் யானை வருகிறது என்பது அந்தக் கொப்பியிலிருந்தே பிள்ளைக்குப் புலப்படும்.

கடைசியாக, திரையை மூடியதும் முற்றத்துக்கு இறங்குங்கள். அதே பதினைந்து நிமிடம் வீட்டு ஆட்டைப் பார்க்கவேண்டும். யானை துதிக்கையால் தண்ணீரை வாய்க்குள் ஊற்றியதே, ஆடு எப்படிக் குடிக்கிறது? ஆடு படுத்திருந்தும் வாயை அசைப்பதேன்? யானை இரைமீட்பதில்லை, ஆடு இரைமீட்கும் என்பதைப் பிள்ளை இவ்வாறு கண்ணால் கண்டபின் சொல்லுங்கள். பிறகு ஆட்டின் உயரத்தை ஒரு கயிற்றால் அளந்து, மூன்று மீற்றருக்கு மேல் நிற்கக்கூடிய ஆபிரிக்க ஆண்யானையின் தோள் எங்கே எட்டும் என்று வேலியோரப் பனையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு போடுவதற்கு ஏணி வேண்டியிருக்கும்.