நடக்கும் ரோபோவுக்கு மோட்டார் திசைமாற்றுச் சுற்று: தொடங்குவோருக்கான செய்முறை

சக்கர ரோபோவில் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றுவது எப்போதாவது வரும் வேலை. இரண்டு டிசி மோட்டாரால் கால் வீசி நடக்கும் ரோபோவில் ஒவ்வொரு அடிக்கும் மோட்டார் திசை மாறியாக வேண்டும். ஓடும்போது எடுக்கும் கரண்டை மட்டும் பார்த்து டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துத் திசையை மாற்றும் ஐசி) வாங்கினால் போதாது. திரும்பும் கணத்தில் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரெட்போர்டும் சாலிடரிங்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. மோட்டாரை அளங்கள்

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரை அளந்து அதைக் கழியுங்கள். பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல இடங்களில் அளந்து, வந்ததில் குறைந்ததை எடுங்கள்.

6 வோல்ட், 6 ஓம் என்றால் ஸ்டால் கரண்ட் (சுழலாமல் நிற்கும் மோட்டார் எடுக்கும் கரண்ட்) 1 ஆம்பியர். முழு வேகத்தில் சுழலும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால் அதன் பேக் இஎம்எஃப் (சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜ்) பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கணம் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் பாயும்.

2. டிரைவர்

எல்293டி வேண்டாம்: தொடர்ந்து 0.6, உச்சத்தில் 1.2 ஆம்பியர்தான் தாங்கும். எல்298என் கரண்டைத் தாங்கும், ஆனால் 1 ஆம்பியரில் 2 வோல்ட் அளவுக்கு அதுவே தின்றுவிடும். 6 வோல்ட் பேட்டரியில் அது பெரிய இழப்பு. என் தேர்வு டிபி6612. அதில் மாஸ்ஃபெட் இருப்பதால் இழப்பு குறைவு, தொடர்ந்து 1.2, குறுகிய உச்சத்தில் 3.2 ஆம்பியர். மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் ஆன் ஆகி ஷார்ட் ஆகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

3. பிரேக் போட்டுத் திருப்புங்கள்

டிரைவரில் திசையைச் சொல்லும் இன்1, இன்2 உள்ளீடுகள் இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கட்டும் (ஒன்று 1 என்றால் மற்றது 0). திருப்புமுன், மைக்ரோகண்ட்ரோலர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் பின்னை 0 ஆக்குங்கள். டிபி6612 மோட்டார் முனைகளைச் சேர்த்துப் பிரேக் போடும். 30 மில்லி நொடி விட்டு இன்1, இன்2வை மாற்றி, பிடபிள்யூஎம்மை மறுபடி ஏற்றுங்கள். பிரேக்கில் பாய்வது பேக் இஎம்எஃப் மட்டும் தள்ளும் கரண்ட் என்பதால் ஸ்டால் கரண்டைத் தாண்டாது.

4. ரோபோவைப் பின்னால் நடக்க வைப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். பின்னால் நடக்க வேண்டுமென்றால் இரண்டு மோட்டாரையும் தலைகீழாக்கலாம் என்றுதான் தோன்றும். செய்து பாருங்கள், ரோபோ முன்னாலேயே நடக்கும்!

காரணம் நேர வரிசை. ஒரு முழு வீச்சு 1000 மில்லி நொடி என்று வையுங்கள். முன் மோட்டார் 0, 500இல் திரும்புகிறது. பின் மோட்டார் 250, 750இல். முன்னது கால் பங்கு முந்துவதால்தான் ரோபோ ஒரு திசையில் நகர்கிறது. இரண்டையும் தலைகீழாக்கினால் இரண்டுமே 500 தள்ளிப்போகும். யார் முந்துவது என்பது மாறாது. பின் மோட்டாரை மட்டும் தலைகீழாக்குங்கள். இப்போது பின்னது முந்தும், ரோபோ பின்னால் நடக்கும்.

இதற்கு 74ஹெச்சி86 என்ற எக்ஸார் கேட் ஐசி போதும். கேட்டின் ஒரு உள்ளீடு 0 என்றால் மற்றது அப்படியே வெளிவரும், 1 என்றால் தலைகீழாகும். ஐசியின் 1ஆம் முனையில் (pin) பின் மோட்டாரை முன்னும் பின்னும் திருப்பும் வீச்சு சிக்னல், 2ஆம் முனையில் ரோபோ முன்னாலா பின்னாலா என்று சொல்லும் திசை சிக்னல். 3ஆம் முனை போவது பின் மோட்டாரின் இன்1க்கு. அதே 3ஆம் முனையை 4ஆம் முனைக்கும் கொடுத்து, 5ஆம் முனையை 5 வோல்ட்டில் கட்டினால், 6ஆம் முனையில் இன்2 கிடைக்கும். திசை வயரிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். மைக்ரோகண்ட்ரோலர் பூட் ஆகும்வரை அந்த வயர் அந்தரத்தில் தொங்கக்கூடாது. பயன்படுத்தாத உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டுங்கள்.

ரோபோ வடிவமைப்பாளர் மார்க் டில்டன் மைக்ரோகண்ட்ரோலரே இல்லாமல், சாதாரண லாஜிக் ஐசிகளை வைத்தே இப்படி நடக்கும் ரோபோக்களைச் செய்தார். அந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் லாஜிக் ஐசியே மோட்டாரை நேரடியாக ஓட்ட, மிகக் குறைந்த கரண்டில் சுழலும் நல்ல மோட்டார் வேண்டும்.

5. பவர்

ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கும் குறுக்கே 100 நானோஃபாரட் செராமிக், டிரைவரின் விஎம் பின்னுக்கு (மோட்டார் பேட்டரி சேரும் இடம்) அருகில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். லாஜிக்குக்குத் தனி பேட்டரி வைத்தாலும் கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் அதிகம் வந்தது "எல்லாம் சரி, மோட்டார் அசையவே இல்லை" என்பதுதான். டிரைவரின் எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) பின்னைப் பாருங்கள். அது 1இல் இல்லாவிட்டால் டிபி6612 தூங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: திசை சிக்னல் 0இலும் 1இலும் ரோபோ நின்ற இடத்திலேயே ஆடினால் சுற்றில் தவறில்லை. இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. புரோகிராமில் அந்த 250 மில்லி நொடி இடைவெளியைச் சரிபாருங்கள்.