பெரிய பாப் ஸ்டாரோட அரீனா கான்சர்ட்டுக்கு முதல் தடவை போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

அரீனா, அதாவது ஆயிரக்கணக்கான பேர் கூடற பெரிய அரங்கத்துல நடக்கற கான்சர்ட்டுக்கு, தீவிர ரசிகரா இருந்தாத்தான் போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லைங்க. ரெண்டு பாட்டு தான் தெரியும், ஆனா இத்தனை பேர் இப்படி உருகுறாங்களே அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்ங்கற ஆசை இருந்தா அதுவே போதும். அக்கா பொண்ணுக்குத் துணையா தான் நான் முதல் தடவை போனேன், அதுக்கப்புறம் யாரும் கூப்பிடாமலே நாலஞ்சு கான்சர்ட் போயாச்சு, அதுல கத்துக்கிட்டதை எழுதுறேன்.

முதல் வேலை, பாட்டைக் கேளுங்க. டூர்ல பெரும்பாலும் ஒவ்வொரு ராத்திரியும் கிட்டத்தட்ட அதே பாட்டுங்க அதே வரிசையில தான் வரும், ஏன்னா லைட்டு, வீடியோ, டான்ஸ் எல்லாமே அதுக்கு ஏத்த மாதிரி ப்ரோக்ராம் பண்ணி வெச்சிருப்பாங்க. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023, 2024ல பண்ணின ஈராஸ் டூர்ல கூட மூணு மணி நேரத்துக்கு மேல போற நிகழ்ச்சியில சர்ப்ரைஸ் பாட்டுக்குன்னு தனியா ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருந்தாங்க, மத்ததெல்லாம் முன்னாடியே முடிவானது. அதனால முந்தின ஊர்ல என்ன பாடினாங்கன்னு செட்லிஸ்ட் எஃப்எம்ங்கற வெப்சைட்டுல பாத்து ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு ஒரு வாரம் வேலை செய்யும்போது ஓட விடுங்க, மனப்பாடம் எல்லாம் வேண்டாம். அரீனால வார்த்தைங்க தெளிவா காதுல விழாது, முன்னாடி கேட்ட பாட்டுன்னா மனசே நிரப்பிக்கும், கேக்காத பாட்டுன்னா வெறும் இரைச்சலா போயிடும். எட்டு பத்து பாட்டோட கோரஸ் பழகியிருந்தா அந்த ராத்திரியே வேற மாதிரி இருக்கும்.

சீட்டு விஷயம். மேடைக்கு முன்னாடி இருக்கற ஃப்ளோர் தான் ஒசத்தின்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அது சமதளம், முன்னாடி உயரமான ஆள் நின்னுட்டா அவர் முதுகும் தூக்கிப் பிடிச்ச ஃபோனும் தான் தெரியும். புதுசா போறவங்களுக்கு நான் சொல்றது சைடுல ஏறுவரிசையா இருக்கற கீழ் அடுக்கு, மேடையும் முழுசா தெரியும், கூட்டமும் தெரியும். கூட்டம் தெரியறது ரொம்ப முக்கியம், ஏன்னா பாதி நிகழ்ச்சி அங்க தான் நடக்குது. இன்னொண்ணு, ஃப்ளோரோட பின்பக்கம் சவுண்ட் எஞ்சினியர் பெரிய மிக்ஸர் முன்னாடி நிப்பார் பாருங்க, அவர் காதுக்கு எப்படி கேக்குதோ அதை வெச்சுத்தான் சத்தத்தைச் சரி பண்றார், அதனால அந்தப் பக்கத்து சீட்டுங்கள்ல பாட்டு நல்லா கேக்கும். மேடைக்கு ரொம்பப் பக்கவாட்டுல கிடைச்சா விலை கம்மியா இருக்கலாம், ஆனா பெரிய ஸ்க்ரீன் தெரியாது, வாங்கறதுக்கு முன்னாடி சீட் மேப் பாத்துடுங்க.

டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சா போதும்னு நான் ஒரு தடவை நம்பிப் போய் கேட்ல மாட்டிக்கிட்டேன். நிறைய டிக்கெட் ஆப்ல ஸ்கேன் பண்ற பார்கோடு சில விநாடிக்கு ஒரு தடவை மாறிட்டே இருக்கும், பழைய படம் ஸ்கேன் ஆகாது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்துல நிக்கறதால நெட்வொர்க்கும் படுத்துடும், அங்க நின்னு ஆப் திறக்கறது பெரும் பாடு. வீட்டுலயே டிக்கெட்டை ஃபோன்ல இருக்கற வாலட் ஆப்ல ஏத்திட்டு, ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டுக் கிளம்புங்க. பை பத்தின ரூல்ஸ் அரீனாவுக்கு அரீனா மாறும், சில இடத்துல உள்ள இருக்கறது தெரியற ப்ளாஸ்டிக் பை மட்டும் தான் விடுவாங்க, பையே இல்லாமப் போனா நிம்மதி.

காது. இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2022ல இந்த மாதிரி இடங்களுக்கு ஒரு தரநிலை வெளியிட்டாங்க, அதுல சராசரி சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாதுன்னு இருக்கு. அந்த 100 டெசிபலே அதிகம் தான். அமெரிக்காவுல வேலை செய்யற இடத்துச் சத்தத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, 85 டெசிபல்னா 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், அப்படிப் பாத்தா 100 டெசிபலுக்கு 15 நிமிஷம் தான் வருது, நாம உக்காரப்போறது ரெண்டு மணி நேரம். அதனால காதுக்கு அடைப்பான் வேணும், சாதா ஃபோம் அடைப்பான் போட்டா மேல் ஸ்தாயி அமுங்கி போர்வைக்குள்ள கேக்கற மாதிரி இருக்கும், இசைக்குன்னே விக்கற இயர்ப்ளக் எல்லாத்தையும் ஒரே அளவா குறைக்கும், பாட்டு கெடாது. ஃபோம் தான் கையில இருக்குன்னா அதை விரலால மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காது மடலை மேல பின்னாடி இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் விரலை எடுக்காம அழுத்திப் பிடிங்க, சும்மா சொருகினா பிரயோஜனமே இல்ல. குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா இயர்மஃப் கட்டாயம்.

டிக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஸ்டார் வரமாட்டாங்க. முதல்ல ஓப்பனிங் ஆக்ட்னு வேற பாடகர் யாராவது அரை மணி, முக்கால் மணி பாடுவாங்க, அதை விட்டுடாதீங்க, அவங்க நம்மளை மாதிரி புது ஆளுங்களுக்குத்தான் பாடறாங்க. அப்புறம் மேடை மாத்தற இடைவெளி. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், கறுப்பு டிரெஸ் போட்டவங்க குனிஞ்சு தரையில ஒட்டின டேப் அடையாளத்தைப் பாத்துப் பாத்து ஸ்டாண்டை நகத்துவாங்க, ஒருத்தர் கிட்டாரோட ஒவ்வொரு கம்பியா மீட்டிப் பாப்பார், கூட்டம் அதுக்கே கத்தும். திடீர்னு ஹால் லைட்டு மொத்தமும் அணையும். அந்த ஒரு செகண்டுல எழும்புற சத்தம் இருக்கே, அது காதுல கேக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல இடிக்கும், அப்போ மேடையைப் பாக்காம ஒரு தடவை திரும்பிக் கூட்டத்தைப் பாருங்க. எங்க முன்வரிசையில ஐம்பது வயசு இருக்கற ஒரு அம்மா வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு அழுதாங்க, இன்னும் ஒரு பாட்டு கூட ஆரம்பிக்கல.

பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசுங்க, எந்தப் பாட்டுக்குக் காத்திருக்கீங்கன்னு கேட்டா கதையே சொல்வாங்க. ஒவ்வொரு ரசிகர் கூட்டத்துக்கும் ஒரு பழக்கம் இருக்கும், ஈராஸ் டூர்ல மணி கோத்த வளையலை முன்பின் தெரியாதவங்களோட மாத்திக்கிட்டாங்க, கொரிய பாப் குழு பிடிஎஸ்ஸோட ரசிகர்கள் ஆர்மி பாம்னு ஒரு லைட் ஸ்டிக் வெச்சிருப்பாங்க, அதை ஃபோன்ல சீட் நம்பரோட இணைச்சுட்டா அரங்கம் முழுக்க பாட்டுக்கு ஏத்த மாதிரி நிறம் மாறும். கோல்ட்ப்ளேங்கற பிரிட்டிஷ் பேண்ட் 2012 டூர்லயே கையில மாட்டற லைட் பட்டை கொடுத்தாங்க. கொடுத்தா மாட்டிக்கோங்க, கூச்சம் வேண்டாம். முன்வரிசை எழுந்தா நீங்களும் எழுந்துடுங்க, உக்காந்தா ஒண்ணும் தெரியாது. வீடியோ ஒரு பாட்டுக்கு எடுங்க, மத்ததைக் கண்ணால பாருங்க.

நிக்கற டிக்கெட்னா கொஞ்சம் ஜாக்கிரதை. நெரிசல் ஆரம்பிச்சா கை ரெண்டையும் நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வெச்சு மூச்சு விட இடம் வெச்சுக்கோங்க, எதிர்த்துத் தள்ளாம, கூட்டம் தளரும்போது குறுக்கால ஓரத்துக்கு நகருங்க. கீழ விழுந்தது எதுவா இருந்தாலும் எடுக்கக் குனியாதீங்க, மயக்கமா வந்தா தடுப்புக்கிட்ட நிக்கற செக்யூரிட்டியைக் கூப்பிட்டுடுங்க.

குட்நைட் சொல்லிட்டுப் போனவுடனே கிளம்பாதீங்க. ஹால் லைட்டு போடலைன்னா இன்னும் முடியல, பெரிய ஹிட்டு பாட்டைக் கடைசிக்குன்னே வெச்சிருப்பாங்க. லைட்டு வந்தப்புறமும் கால் மணி நேரம் சீட்டுலயே உக்காருங்க, வாசல்ல நெரிசல் குறையும், கூட வந்தவங்க பிரிஞ்சா எங்க சந்திக்கணும்னு முன்னாடியே ஒரு இடம் பேசி வெச்சிருங்க. நாங்க அப்படி உக்காந்திருந்தப்போ ஃப்ளோர்ல காகிதத் துண்டு மழை பெஞ்ச மாதிரி கிடந்துச்சு, அக்கா பொண்ணு ஓடிப்போய் ஒரு கைப்பிடி அள்ளிட்டு வந்து அதுல ஒண்ணை என் கையில வெச்சா, அது இன்னும் என் பர்ஸுல தான் இருக்கு.