கோதுமைக்கு இரு பாஸ்பேட் உரங்களைச் சேர்த்து இடும் முறை

மண் பரிசோதனை ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ், P₂O₅ கணக்கில்) தேவை என்று காட்டினால், அதை டி.ஏ.பி. (டை-அமோனியம் பாஸ்பேட்), சூப்பர் பாஸ்பேட் ஆகிய இரு உரங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். டி.ஏ.பி. 65 கிலோ இட்டால் 30 கிலோ மணிச்சத்தும், கூடவே ஏறக்குறைய 12 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) கிடைக்கும். யூரியா கணக்கில் இதைக் கழிக்க மறக்காதீர்கள். மீதி 30 கிலோவுக்கு (சிங்கிள்) சூப்பர் பாஸ்பேட் 188 கிலோ. டி.ஏ.பி.யில் இல்லாத கந்தகம் இதில் சுமார் 20 கிலோ வருகிறது. இரண்டையும் சேர்ப்பதன் முக்கியப் பலனே இதுதான்.

மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே தூவினால் வேர் எட்டாமல் வீணாகும். எனவே முழு அளவையும் விதைப்பின்போதே, விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டிலும் 5 செ.மீ. கீழேயும் விழும்படி வரிசையில் இடுங்கள். விதையோடு ஒட்டினால் டி.ஏ.பி.யிலிருந்து வரும் அமோனியா முளையைக் கருக்கிவிடும், ஈரம் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் இன்னும் மோசம்.

இரண்டையும் முன்கூட்டியே கலந்து வைத்தால் ஈரம் கசிந்து கட்டிதட்டும். கலந்த உடனே இடுங்கள். துத்தநாக சல்பேட்டை இந்தக் கலவையில் சேர்க்கவே கூடாது, துத்தநாகம் கரையாத பாஸ்பேட்டாகி இரண்டு சத்தும் முடங்கும். அதைத் தனியாக இடுங்கள்.

இந்த உரங்களுக்குப் பதிலாகப் பாறை பாஸ்பேட்டை (பாஸ்பேட் பாறையின் தூள்) இட நினைத்தால், அது அமில மண்ணில் மட்டுமே கரையும். சுண்ணாம்பு மண்ணில் அது வீண் செலவு.