வெள்ளம் தாங்கும் மண் அணை: வறண்ட நாளில் பார்க்க வேண்டியவை

வெள்ளத் தடுப்புக்குக் கட்டிய சிறிய மண் அணை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் புல் மூடிய வெறும் மேடாகத்தான் கிடக்கும். எப்போதும் தண்ணீர் நிற்கிற அணையில் கசிவு இருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். இங்கே அதற்கு வழியில்லை. பெருமழை கொட்டும் ஒரே இரவில் நீர் மளமளவென்று ஏறும், காய்ந்து கிடந்த கரை அன்றைக்குத்தான் முழுப் பாரத்தையும் தாங்கிப் பார்க்கும். அன்று இருட்டில் டார்ச் அடித்துத் தேடி ஒன்றையும் சரிசெய்ய முடியாது. இத்தகைய அணைகளைப் பார்வையிடுவதே என் தொழில். கரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், மழைக்கு முன்பே புல்லை வெட்டிவிட்டு முழுக்க நடந்து பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். முழங்கால் உயரப் புல்லுக்குள் யானை படுத்திருந்தாலும் தெரியாது.

அமைப்பு எளியதுதான். ஓடைக்குக் குறுக்கே கெட்டித்த மண் கரை. கரைக்கு அடியில் ஒரு குழாய், தேங்கிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். குழாய் தாங்காத அளவு வந்தால், ஓரமாக வெட்டிய உபரிநீர் வழி மிச்சத்தை வெளியேற்றும். இந்த மூன்றில் எது கெட்டாலும் மற்ற இரண்டும் காப்பாற்றாது.

கையில் ஒரு நோட்டு, அளவு டேப், ஒரு கட்டு முளைக்குச்சி, நீளமான இரும்புக் கம்பி, ஒரு வாளி, கண்ணாடி பாட்டில் இருந்தால் போதும். போன் கேமரா இருக்கவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். போன வருஷப் படத்தோடு வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பியதெல்லாம் வெளியே வரும்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தொடங்குங்கள், சின்னப் பள்ளமும் நிழல் காட்டும். கரையின் ஒரு முனையில் குனிந்து நின்று மறுமுனையை நேர்கோட்டில் பாருங்கள். நடுவில் தாழ்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நீர் கரைமேல் ஏறினால் அந்தத் தாழ்வில்தான் மொத்தமும் பாயும், பாய்கிற இடம் அறுபடும். வண்டி போய்ப்போய் விழுந்த தடம் கூட இதற்குப் போதும்.

அப்புறம் விரிசல். வெயிலில் மண் வெடித்துக் கட்டம் கட்டமாகத் தெரிவது பெரும்பாலும் மேலோட்டமானது. கரையின் நீளவாக்கில் போகும் விரிசல், ஒரு பக்கம் சரியத் தொடங்குவதைக் காட்டலாம். எனக்கு அதிகம் பயம் தருவது குறுக்கு விரிசல். நீர்ப்பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அது ஒரு வழி திறந்து வைக்கிறது. உடனே மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள், ஆதாரமே மறைந்துவிடும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, அகலத்தையும் தேதியையும் எழுதி, மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் தாள் விரித்து, பொறியாளரைக் கூப்பிடுங்கள். நீளுகிறதா, அகலுகிறதா என்பதுதான் அவர் முதலில் கேட்பது.

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் கரையின் பின்பக்கச் சரிவும் அதன் அடிவாரமும். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கம்பியால் குத்திப் பாருங்கள். சுற்றிலும் புல் பழுத்திருக்கும்போது ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தால், அல்லது கோரை முளைத்திருந்தால், அங்கே அடியில் ஈரம் இருக்கிறது. நீர் தேங்கியிருக்கும் நாட்களில் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து பாருங்கள். மண் அணை கொஞ்சம் கசிவது இயல்புதான். கேள்வி, வரும் நீர் மண்ணைச் சுமந்து வருகிறதா என்பதுதான். பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால், வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று அளந்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினால் சொல்லியாக வேண்டும். கலங்கி வந்தால், பாட்டிலின் அடியில் மண் படிந்தால், கரை உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. அதற்குமேல் அளந்துகொண்டு நிற்கக் கூடாது.

எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்பவர்களுக்கு டீட்டன் அணையைச் சொல்வேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த பெரிய மண் அணை, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள். புல்டோசர்களை இறக்கி ஓட்டைக்குள் மண் தள்ளினார்கள். புல்டோசர்களையே அந்த ஓட்டை விழுங்கியது. நண்பகலுக்குச் சில நிமிஷம் முன்பு அணை உடைந்தது, 11 பேர் இறந்தார்கள். வெள்ளத் தடுப்பு அணைக்கு ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறக்குறைய முதல் நிரப்புதான் என்பதால் இதை மறக்காதீர்கள்.

குழாயைத் தனியாகப் பாருங்கள். அதன் வெளிச்சுவரை ஒட்டி மண் சரியாகக் கெட்டிக்காது, நீர் அந்த இடுக்கைத்தான் தேடும். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் போட்டு மறிப்பார்கள். இப்போது நீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்கும் மணல் வடிகட்டியைக் குழாயைச் சுற்றி வைக்கிறார்கள். குழாய் வாயில் நீர் குழாய்க்குள்ளிருந்து வராமல் ஓரத்திலிருந்து வருகிறதா பாருங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய் என்றால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே நுழையாதீர்கள். நுழைவாயில் கம்பித் தடுப்பில் சேர்ந்த குப்பையை மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். நீர் ஓடும்போது அதன் பக்கமே போகக் கூடாது, இழுப்பு ஆளையே கம்பியோடு அழுத்திவிடும்.

கரையில் மரம் வேண்டாம். நிழலுக்காக விட்டுவைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். வேர் செத்து மக்கினால் அந்த வழியே நீர் போகும். காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பகுதியும் வரும். செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டால் பொறியாளரைக் கேட்காமல் தோண்டாதீர்கள். எலி, நண்டு வளைகளைத் தோண்டித் திறந்து, ஈர மண் போட்டு அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள். வாயை மட்டும் மூடினால் உள்ளே குகை அப்படியே இருக்கும்.

உபரிநீர் வழியில் வேலி, கொட்டகை, மண் மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாமே என்று பலகை வைத்து அடைப்பவர்கள் உண்டு. அப்படி அடைத்தால் வெள்ளத்தில் நீர் கரைமேல் ஏறும்.

வெள்ளம் நிற்கும் நாளில் ஆள் மாற்றி ஆள் பார்க்க வேண்டும், தனியாக யாரும் போகக் கூடாது. அடிவாரத்தில் மணலைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்று கிளம்பினால் களிமண்ணால் அடைக்காதீர்கள். அடைத்த நீர் அழுத்தம் சேர்த்து வேறு இடத்தில் வெடிக்கும். சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே நீரை ஓரளவு ஏற விடுங்கள். அல்லது முதலில் மணல், மேலே பொடிஜல்லி, அதற்கும் மேலே கல் என்று போடுங்கள். நீர் வரட்டும், மண் வரக் கூடாது. நீர்ப்பக்கத்தில் சுழல் தெரிந்தால், பின்பக்கம் சேறாகப் பீறிட்டால், கரையை விட்டு விலகி முதலில் கீழே இருப்பவர்களை எழுப்புங்கள். 1977 நவம்பர் 6 அதிகாலையில், ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 40 அடி உயரமே இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் தூக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 39 பேர் போனார்கள். ஆகவே கீழ்ப்பகுதி வீடுகளின் போன் எண்கள், யார் யாரை எழுப்புவது, எந்த மேட்டுக்குப் போவது எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். எண்களை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கூப்பிட்டுப் பாருங்கள். புதிதாக வீடு வந்திருந்தால் சேருங்கள்.

நீர் வடிந்ததும் இன்னொரு நடை இருக்கிறது. வேகமாக இறங்கும்போது நனைந்து கனத்த நீர்ப்பக்கச் சரிவுக்கு முட்டுக்கொடுத்த நீர் போய்விடுகிறது, அப்போதுதான் மண் சரியும். சரிவு உப்பியிருக்கிறதா, மேல்விளிம்பில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நீர் எட்டிய உச்சத்தைச் சருகும் குப்பையும் ஒரு கோடாகக் காட்டும். மழை கழுவுவதற்குள் அந்தக் கோட்டில் குச்சி நட்டு, உயரத்தை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.