முடிவைப் படிக்கும் முன்: லாங் கோவிட், நாள்பட்ட சோர்வு நோய் ஆய்வுகளை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவிட் தொற்றுக்குப் பின் நீடிக்கும் தொந்தரவுகளான லாங் கோவிட் பற்றியோ, எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் பற்றியோ ஓர் ஆய்வுச் செய்தி வந்தால், நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் முதலில் தேடுவது "என்ன கண்டுபிடித்தார்கள்?" என்பதைத்தான். வருடக்கணக்கில் முடங்கிக் கிடப்பவர்களுக்கு வேறு எதைத் தேடத் தோன்றும்? ஆனாலும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாரை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். இந்தத் துறையில் நடந்த பெரிய குழப்பங்கள் பலவும் அங்கேதான் தொடங்கின.

சோர்வு என்றாலே இந்த நோய் என்று எண்ணுவது

நாள்பட்ட சோர்வு நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. அதனால் ஆய்வாளர்கள் எந்த வரையறையைக் கையில் எடுக்கிறார்களோ, அதற்கேற்ற ஆட்களே ஆய்வுக்குள் வருவார்கள். 1991-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு வரையறைக்கு ஆறு மாதம் முடக்கிப்போடும் சோர்வு இருந்தால் கிட்டத்தட்டப் போதும். வேறு காரணங்களால் சோர்ந்திருப்பவர்களும் அதில் எளிதாக நுழைந்துவிடலாம். 1994-இன் ஃபுகுடா வரையறையில், உழைப்புக்குப் பின் வரும் நலிவு எட்டு அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. அது இல்லாமலும் ஒருவர் அந்த வரையறைக்குள் வந்துவிடலாம். 2003-இன் கனடா வரையறையும், 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தந்த வரையறையும் அதைக் கட்டாயமாக்கின.

உழைப்புக்குப் பின் வரும் நலிவு என்பது வெறும் களைப்பு அல்ல. சிறிது தூரம் நடந்ததற்கோ, கொஞ்ச நேரம் கவனமாகப் படித்ததற்கோ, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து உடல் மொத்தமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு வாரக்கணக்கில்கூட நீளும். இது இல்லாதவருக்கு நல்லது செய்யும் உடற்பயிற்சி, இது இருப்பவரைப் படுக்கையில் தள்ளலாம். 2016-இல் அமெரிக்க அரசின் ஏ.எச்.ஆர்.க்யூ. என்னும் ஆய்வு முகமை, ஆக்ஸ்ஃபோர்டு வரையறையில் நடந்த ஆய்வுகளை விலக்கிவிட்டுச் சான்றுகளை மறுபடி பார்த்தது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று அப்போது மிஞ்சவில்லை. நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அது!

லாங் கோவிட்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து நுரையீரல் கெட்டவர், மோப்பம் மட்டும் போனவர், உழைப்புக்குப் பின் சரிபவர் என எல்லோரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி எடுத்தால், சிலருக்குக் கிடைத்த பலன்கூடக் கணக்கில் காணாமல் போகலாம். கோவிட் வைரஸை ஒடுக்கும் பேக்ஸ்லோவிட் மருந்தை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 155 பேர் இருந்தார்கள். 2024-இல் வந்த முடிவு, பலன் இல்லை என்றது. உடலில் வைரஸ் தங்கிவிடுகிறது என்ற கருத்தே பொய்த்துவிட்டதாக அதைப் படிப்பது தவறு. அந்த மருந்து, அந்த அளவில், அந்த ஆட்களுக்கு உதவவில்லை என்பதுவரைதான் அந்த ஆய்வு சொல்லும்.

ஒப்பீடு இல்லாத சதவீதத்தை நம்புவது

"தொற்று வந்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு லாங் கோவிட்" என்ற எண்ணைப் பார்த்ததும், தொற்று வராதவர்களில் எத்தனை பேருக்கு அதே தொந்தரவுகள் என்று கேளுங்கள். நெதர்லாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. தொற்று வந்தவர்களில் 21.4 சதவீதம் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் கழித்து ஓர் அறிகுறியாவது முன்பைவிடக் கூடி, மிதமான அளவிலோ அதற்கு மேலோ இருந்தது. ஒப்பீட்டுக் குழுவிலும் 8.7 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. வித்தியாசம் 12.7 சதவீதம், அதாவது எட்டில் ஒருவர். முதல் எண்ணை மட்டும் சொன்னால் மிகை. ஒப்பீட்டுக் குழுவைக் காட்டி நோயே இல்லை என்று சாதித்தால், அது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

ஒப்பீட்டுக் குழுவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. 2020-இன் தொடக்கத்தில் பரிசோதனை கிடைக்காதவர்கள் ஏராளம். தொற்று வந்துபோனதை ரத்தத்தில் காட்டும் எதிர்ப்பான்கள் சிலரிடம் சீக்கிரமே மறைந்துவிடும். தொற்று வராதவர் என்று எழுதப்பட்டவர்களில் வந்தவர்களும் இருந்தால், வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

முதல் நல்ல செய்தியிலேயே நின்றுவிடுவது

நார்வேயில் 30 பேரை வைத்து ரிடுக்ஸிமாப் மருந்தைச் சோதித்தார்கள். 2011-இல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. அதே குழு 151 பேருடன் பெரிய ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டபோது, மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பைத் தாங்களே கறாராகச் சோதித்து, தோற்றதை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை. நோயாளிகள் பலரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் வைரஸ் இருப்பதாக 2009-இல் வந்த கட்டுரையும் முதலில் இப்படித்தான் நம்பிக்கை தந்தது. அது ஆய்வகக் கலப்படம் என்று தெரிந்து, 2011-இல் சயன்ஸ் இதழ் அதைத் திரும்பப் பெற்றது.

"தேவலையா?" என்று கேட்டதையே அளவீடாக எடுத்துக்கொள்வது

தான் பெறுவது எந்தச் சிகிச்சை என்று நோயாளிக்குத் தெரியும். அது உதவும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு அவரிடமே கேள்வித்தாளைக் கொடுத்தால், பதில் சற்றே நல்லதாக வருவது இயல்பு. உளவியல் சிகிச்சை, உடற்பயிற்சி ஆய்வுகள் பலவற்றின் பலவீனம் இதுதான். பிரிட்டனில் 641 பேருடன் நடந்து 2011-இல் வெளியான பேஸ் ஆய்வும் அப்படிப்பட்டது.

அதில் இன்னொன்றும் நடந்தது. 2013-இல் வெளியான கட்டுரையில் "குணமானவர்" என்பதற்கான அளவுகோலே தளர்த்தப்பட்டிருந்தது. உடல் இயக்க மதிப்பெண் நூற்றுக்கு 85 இருக்க வேண்டும் என்று முதலில் திட்டமிட்டதை 60 ஆக்கினார்கள். ஆய்வில் சேர்வதற்கோ 65 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் போதும். அந்த ஒரு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், சேரும் அளவுக்கு நோயாளியாக இருக்கும்போதே ஒருவர் குணமானவருக்கான எல்லையையும் தொட்டுவிடலாம். உடற்பயிற்சிக் குழுவில் 22 சதவீதம் பேர் குணமானதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2016-இல் தீர்ப்பாயத்தின் ஆணையால் தரவுகள் வெளிவந்தபின், பழைய அளவுகோலில் கணக்கிட்டபோது அது 4 சதவீதம்; வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 3 சதவீதம். ஆகவே ஆய்வைத் தொடங்கும் முன் எழுதிய திட்டத்தையும் வெளியான கட்டுரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2021-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இப்படிக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று வழிகாட்டியையே மாற்றிவிட்டது.

எப்போது அளந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். சரிவு தாமதமாக வரும் நோயில், பயிற்சி முடிந்த உடனே அளந்துவிட்டு "பாதகமில்லை" என்று எழுதினால் அதற்குப் பொருளில்லை.

வராதவர்களை மறந்துவிடுவது

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களால் மருத்துவமனை வரை வரவே முடியாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மிக நுட்பமான ஆய்வில் நோயாளிகள் 17 பேர்தான். பல நாள் தங்கிப் பரிசோதனைகளைத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே அதில் பங்கேற்க முடிந்தது. இதற்கு மாறாக, பிரிட்டனின் டீகோட்எம்இ என்னும் மரபணு ஆய்வு எச்சில் மாதிரிக் குப்பிகளைத் தபாலில் அனுப்பியது. படுக்கையில் இருந்தவர்களும் சேர முடிந்தது. உழைப்புக்குப் பின் வரும் நலிவு இருந்தவர்களையே எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் முன்அச்சாக, அதாவது பிற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே, வந்த முடிவில் நோயாளிகள் 15,579 பேர், மரபணுத் தொகுதியில் வித்தியாசம் காட்டிய இடங்கள் எட்டு. நாளையே மருந்து வந்துவிடும் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வோர் இடத்தின் பங்கும் சிறியது. ஆனால் எழுந்து வர முடியாதவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்த ஆய்வு அது.