பி53 புரதத்தில் எது நெகிழ்கிறது? டிரிப்சினால் வெட்டிப் பார்க்கும் முறை

சிங்கப்பூரின் உயிர்மருத்துவ ஆய்வு வளாகமான பயோபோலிஸ் பக்கம் பயிற்சிக்குப் போகும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்கு பி53 எதிர்ப்பட வாய்ப்பு அதிகம். 1979-இல் அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டேவிட் லேன் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியவர். மரபணுக்களை முடுக்கிவிடும் இந்தப் புரதத்தில் 393 அமினோ அமிலங்கள். டிஎன்ஏவைப் பிடிக்கும் நடுப்பகுதி (ஏறத்தாழ 94–292) இறுக்கமாக மடிந்திருக்கும். இரு முனைகளும் பெரும்பாலும் தொளதொளவென்று கிடக்கும். தொங்குவதை, புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சின் முதலில் நறுக்கும், மடிந்ததைத் தாமதமாகத்தான் தொடும். அந்த நேர வித்தியாசமே நமக்குத் தேவை.

உறைபெட்டியிலிருந்து எடுத்த டிரிப்சின் பொடிப் புட்டியை உடனே திறக்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறந்து 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். அமிலம் இல்லாவிட்டால் டிரிப்சின் தன்னைத்தானே தின்னும்.

மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பி53, 100 மைக்ரோலிட்டர், பிஎச் 7.5, பனிக்கட்டிமேல். பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ கூடவே கூடாது: நடுப்பகுதியைத் தாங்கும் துத்தநாகத்தை அது பிடுங்கிவிடும், மடிப்பு குலையும், இறுக்கமான பகுதியும் நெகிழ்வதுபோல் வெட்டுப்படும். சுத்திகரிப்பில் சேர்த்த புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) தடுப்பான் மிச்சமிருந்தாலோ எதுவுமே வெட்டுப்படாது. 37 டிகிரியில் செய்யும் ஆசையை விடுங்கள். அந்த வெப்பத்தில் நடுப்பகுதி சில நிமிடங்களில் தானாகவே அவிழத் தொடங்கும்.

முதலில் 15 மைக்ரோலிட்டரைத் தனியே எடுத்து வையுங்கள். அது பூஜ்ய நிமிடம். மீதியில் 0.5 மைக்ரோகிராம் டிரிப்சின் சேர்த்து 1, 5, 15, 30, 60 நிமிடங்களில் 15 மைக்ரோலிட்டர் வீதம் எடுங்கள். ஒவ்வொன்றையும் உடனுக்குடன் 5 மைக்ரோலிட்டர் நான்குமடங்கு செறிவுள்ள எஸ்டிஎஸ் பஃபரில் (புரதங்களை அவிழ்த்து ஜெல்லில் ஓட்டத் தயாராக்கும் கரைசல்) கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். தாமதித்தால் குழாயிலேயே வெட்டு தொடரும். முதல் நிமிடத்திலேயே எல்லாம் கரைந்துபோனால் டிரிப்சினைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

பிறகு மாதிரிகளைப் புரதத் துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் 15 சதவீத ஜெல்லில் ஓட்டுங்கள். 20–25 கிலோடால்டன் (மூலக்கூற்று எடையின் அலகு) அருகே ஒரு பட்டை நெடுநேரம் நின்றால் அது அநேகமாக நடுப்பகுதி. ஆனால் ஜெல் அளவை அப்படியே நம்ப வேண்டாம். பி53-இன் உண்மையான எடை சுமார் 43.7 கிலோடால்டன், புரோலின் மிகுந்த பகுதியால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53 என்று காட்டியது, பெயரும் அதுவே ஆகிவிட்டது! துண்டின் எல்லையை மூலக்கூற்று எடையைத் துல்லியமாக அளக்கும் நிறை நிறமாலைமானியில் உறுதிசெய்யுங்கள்.

பலர் சறுக்கும் இடம் இதுதான். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்களுக்கு அடுத்துதான் வெட்டும். பி53-இன் முதல் நூறு இடங்களில் வெட்ட 24-ஆம் லைசின், 65-ஆம் ஆர்ஜினின் தவிர வேறில்லை. ஆளுக்கு ஆள் மாறும் 72-ஆம் இடத்தில் ஆர்ஜினின் வந்தால் இன்னொன்று கூடும். வெட்டுப்படவில்லை என்பதற்காக அப்பகுதியை இறுக்கம் என்று எழுதிவிடாதீர்கள். கண்டபடி வெட்டும் புரோட்டினேஸ் கே-யை வைத்து இன்னொரு வரிசை ஓட்டிவிட்டு முடிவுசெய்யுங்கள்.